அணைக்கவும்

"நீங்க எனக்குக் கை குடுத்தீங்களா, இல்ல கைக்குக் காப்பு மாட்டி உட்டீங்களா மேடம்?"

டாக்டர் குழந்தைவேலு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் கிடையாது. தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டதற்குப் பதிலும் கிடையாது. அவர் பொள்ளாச்சிப் பக்கம் மாட்டு டாக்டர். ஒரு பால் லாரி அவருடைய பைக்கைத் தட்டிவிட்டதில் வலது கை முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. போன ஆடியிலிருந்து கோயம்புத்தூரில் நாங்கள் செய்யும் கையைத்தான் மாட்டியிருக்கிறார்.

அவர் கேட்ட கேள்விக்குள் ஒரு குத்தல் இருந்தது. அந்தக் கைக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெயரே காப்புதான். பெயர் வைத்தது நான். நான் வசுமதி, அதை எழுதியவளும் நான்தான். காக்கிறது, கையிலும் இருக்கிறது, அதனால் காப்பு என்று வைத்துவிட்டு ஒரு வாரம் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். போலீஸ்காரர் மாட்டினாலும் அதற்குக் காப்பு என்றுதான் பெயர் என்பது அப்போது தோன்றவில்லை.

"எதுக்குங்க இவ்வளவு கோவம்? கை வேலை செய்யலீங்களா?"

"செய்யுதுங்க. உங்க இஷ்டத்துக்கு வேலை செய்யுது. என் கை, என் உடம்புல இருக்குது. நடுவுல நீங்க எதுக்குங்க?"

இந்தக் காலத்துக் கை என்பது தோளில் தொங்கும் கம்ப்யூட்டர். ஆளாளுக்குப் புரோகிராம் எழுதி அதில் ஏற்றலாம். கார் ஓட்ட ஒன்று, ஷட்டில் ஆட ஒன்று, முறுக்குப் பிழிய ஒன்று. யார் யாரோ எழுதுகிறார்கள், யார் யாரோ ஏற்றிக்கொள்கிறார்கள். அத்தனை பேரையும் நம்பி மோட்டாரைக் கையில் கொடுத்துவிட முடியுமா? அதற்குத்தான் நடுவில் காப்பு.

"டாக்டர், இந்தக் கைக்குள்ள எக்கச்சக்கமா மோட்டார் இருக்குதுங்க. எந்தப் புரோகிராமும் மோட்டாரைத் தொட முடியாது. 'பிடி'ன்னு கேக்கலாம், 'தூக்கு'ன்னு கேக்கலாம், 'விடு'ன்னு கேக்கலாம். எந்த விரலை எவ்வளவு மடக்கறது, எவ்வளவு அழுத்தறதுங்கறதையெல்லாம் காப்பு பாத்துக்கும். ஓட்டலுக்குப் போனா நீங்க தோசை கேப்பீங்க. உள்ள போயித் தோசைக்கல்லுல கை வெப்பீங்களா?"

"வெக்க மாட்டனுங்க. ஆனா தோசை கருகற வாசம் எனக்கு வரோணுமல்லங்க? நீங்க அதையும் அடைச்சுப் போட்டீங்களே!"

என் மேசையில் எப்போதும் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன். நசுங்கிச் சப்பட்டையாகக் கிடக்கும் டம்ளர்.

"பாருங்க. ஒரு தடவை காப்பு இல்லாம ஒரு புரோகிராமை நேரா மோட்டார்ல உட்டுப் பாத்தோம். தண்ணி குடிக்கற புரோகிராம்தான், வேற ஒண்ணுமில்ல. நடுவுல மாட்டிக்கிச்சு. நிறுத்தறதுக்குள்ள டம்ளர் இப்பிடி ஆயிருச்சு. அந்த எடத்துல ஒரு கொழந்தையோட கை இருந்தா?"

அவர் டம்ளரை இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது.

"நான் மாடுகளுக்குச் சினை பாக்கறவனுங்க மேடம். கைய உள்ள உட்டுத் தடவிப் பாத்துத்தான் சொல்லோணும். ரெண்டு மாசச் சினைன்னா ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பொதபொதன்னு இருக்கும். அது விரல் நுனிக்குத்தான் தெரியும். உங்க கை எனக்கு என்ன சொல்லுது தெரியுமுங்களா? மூணே வார்த்தை. மெது, நடு, அழுத்தம். மாட்டைத் தொட்டாலும் மெது, மெத்தையைத் தொட்டாலும் மெது."

உண்மைதான். விரல் நுனியில் ஊசி முனை அளவுக்கு உணர்கருவிகள் இருக்கின்றன. அவை அனுப்பும் செய்தியையெல்லாம் காப்பு வாங்கி, வடிகட்டி, மூன்றே படிகளாகச் சுருக்கி, தோள்பட்டைத் தோலில் ஒரு அதிர்வாகக் கொடுக்கும். புரோகிராம் எழுதுகிறவனுக்குத் தலைவலி வேண்டாம் என்று நான்தான் அப்படிச் செய்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். எளிமை, எளிமை என்று மாநாட்டில்கூடக் கைதட்டினார்கள்.

"ஸ்கேன் மெஷின் இருக்குதல்லங்க இப்பல்லாம்?" என்றேன். தோற்கப் பிடிக்காமல் கேட்டதுதான்.

"இருக்குதுங்க. மாட்டுக்கு ஸ்கேன் வெச்சுப் பாத்துக்கறேன். எம் பொண்ணுக்கு?"

"பொண்ணுக்கு என்னங்க?"

அவர் டம்ளரை மேசையில் வைத்தார்.

"கல்யாணமாகி ரொம்ப வருசங் கழிச்சுப் பொறந்தவ. இப்பத்தான் தாவ ஆரம்பிச்சிருக்கறா. எடது கைலதான் தூக்குவனுங்க. வலது பக்கம் தாவுனா நான் திரும்பிக்குவேன். ஒருக்கா இந்தக் கைமேலயே தூங்கிட்டா. எனக்கு மூச்சு தெரியல மேடம். மெது, மெது, மெதுன்னு அதுபாட்டுக்குச் சொல்லிட்டே இருக்குது. கொழந்தை மூச்சு உடறாளா இல்லையான்னு சொல்லமாட்டீங்குது. பயந்துபோயி எழுப்பி அழ வெச்சுட்டனுங்க."

எனக்குக் கண் கலங்கினால் கோபம் வரும். அது என் சுபாவம். "சரிங்க, பாக்கறேன், போயிட்டு வாங்க" என்று ஏறக்குறைய விரட்டித்தான் அனுப்பினேன். அவர் போன பிறகு டம்ளரை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

மத்தியானம் காபி குடிக்கும்போது டென்சிங்கிடம் சொன்னேன். டென்சிங் நாகர்கோவில்காரன். கைக்கான புரோகிராம்கள், கூடவே கையில் ஒட்டும் ஸ்டிக்கர், விளம்பர வாசகம் எல்லாம் அவனுடைய ஆட்களின் வேலை. எனக்கும் அவனுக்கும் ஒரே சண்டைதான், அதையே பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் திறந்துவிடு என்பான். முடியாது என்பேன்.

"எக்கா, அந்த மனுசன் பாவம்லா. நேரா தொறந்து விட்ருங்க. கை அவருக்க கை. நல்லதோ கெட்டதோ அவரு பாத்துக்கிடுவாரு."

"அவரு பாத்துக்குவாரு. நீ எழுதற புரோகிராம் தொங்கிப்போனா கொழந்தையை யாரு பாத்துப்பா? உன் புரோகிராம் தொங்காத நாளு எதுன்னு சொல்லு."

"அது போன வாரம் ஒரே ஒரு தடவ..."

"செரி, வாயைக் கிண்டாத."

சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. டாக்டர் என்ன கேட்டார்? கையை இஷ்டத்துக்கு அசைக்க வேண்டும் என்றா கேட்டார்? இல்லை. அது என்ன தொடுகிறது என்று தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார். நான் இரண்டையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருக்கிறேன். டென்சிங் இரண்டையும் ஒரே கதவாகத் திறக்கச் சொல்கிறான். இத்தனை வருடச் சண்டையில் கதவு இரண்டாக இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, நல்ல கூத்து.

"டென்சிங்கு, தொட்டதைச் சொல்ற கதவைத் தொறந்துடறேன். விரல் நுனியில வர்றதை வடிகட்டாம அப்பிடியே எடுத்துக்கோ. ஆனா அசைக்கணும்னா என்னைக் கேட்டுத்தான் அசைக்கணும். மோட்டார் பக்கம் மூச்சு உடக்கூடாது."

அவன் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "கொள்ளாம் எக்கா! இத முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?"

அடுத்த சில வாரங்களில் டென்சிங் டாக்டருக்காக ஒரு புரோகிராம் எழுதினான். விரல் நுனியிலிருந்து வரும் எல்லாவற்றையும் வாங்கி, தோளில் நூறு விதமான நுண்ணிய அதிர்வாக மாற்றித் தரும். நடுவில் ஒரு நாள் என்னிடம் வந்து, காப்பிடம் கேட்கக்கூடிய வினைச்சொற்களுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னான். பிடி, விடு, தூக்கு, தாங்கு, அணை, தள்ளு, இப்படி ஒரு டஜன் சொற்கள். எல்லாம் நான் வைத்தவை. "தமிழ்தானேப்பா, படிச்சாப் புரியாதா? தமிழுக்கு எதுக்கு விளக்கம்?" என்று துரத்திவிட்டேன்.

புரோகிராம் ஏற்றிய மறுநாளே டாக்டர் போன் செய்தார். குரலே மாறிப்போயிருந்தது.

"அம்மிணி, ரெண்டு மாசச் சினைங்க! தடவிப் பாத்துச் சொல்லிட்டேன். ஸ்கேன்லயும் போட்டுப் பாத்தாச்சு, சரியாத்தான் இருக்குது. தோள்ல அப்பிடியே தெரியுதுங்க!"

மேடம் போய் அம்மிணி வந்துவிட்டது. மாட்டைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். கடைசியில், "பாப்பாவை இன்னும் தூக்கலீங்க. ஞாயித்துக்கிழமை தூக்கிப் பாக்கலாம்னு இருக்கறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டாக்டரின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஒரே காற்று இரைச்சல், நடுவில் ஒரு பெண்ணின் அலறல்.

"மேடம்! நான் அம்சவேணி, டாக்டரு சம்சாரமுங்க. ஆழியாறு அணைக்கு வந்தமுங்க... அணைமேல நிக்கறம்... பாப்பாவை வலது கைல... கை அணை..."

காற்று மீதியை அடித்துக்கொண்டு போனது.

கை அணைஞ்சிருச்சு. அதுதான் என் காதில் விழுந்தது. அணையின் மேலே நிற்கிறார்கள், குழந்தை வலது கையில் இருக்கிறது, கை அணைந்துவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா எங்கிங்க? அம்சவேணி! பாப்பா எங்க?"

"கைலதானுங்க இருக்கறா! அணைச்சுருச்சுங்க! கட்டிப் புடிச்சுட்டு உடமாட்டீங்குது!"

அணைஞ்சிருச்சு இல்லை. அணைச்சிருச்சு. ஒரே ஒரு எழுத்துதான். அந்த எழுத்துக்குள் ஒரு குழந்தை இருந்தது. எனக்கு மூச்சு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை.

"எப்பிடி நிக்கறாரு? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"கைப்புடிச் சொவத்துமேல பாப்பாவை உக்காத்தி வெச்சுத் தண்ணி காமிச்சிட்டிருந்தாருங்க. காலு ரெண்டும் தண்ணிப் பக்கம் தொங்குதுங்க. வலது கை சுத்திப் புடிச்சிருக்குது. பாப்பா கொக்கைப் பாத்துத் துள்ளுனா, கை பட்டுன்னு அணைச்சிருச்சு. விடுன்னா கேக்கல. நசுக்கிப்போடுமோன்னு அவரு எடது கைல பிரிக்கப் பாக்கறாருங்க, வரமாட்டீங்குது!"

"பிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க! எடது கையால பாப்பாவைப் புடிக்கச் சொல்லுங்க!"

"மேடம், அக்குள்கிட்ட செவப்புப் பட்டன் இருக்குதுங்க. 'கோளாறு என்றால் அணைக்கவும்'னு ஸ்டிக்கர் ஒட்டிருக்குது. அமுக்கிப்போடட்டுங்களா? கை வெச்சுட்டேன்..."

"தொடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் பேப்பரோடு சமையலறைக்கு ஓடி வந்தார். அந்தப் பட்டன் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஒரே நொடியில் கை துவண்டு தொங்கும். பிறகு குழந்தையைப் பிடித்திருக்க எதுவுமே இருக்காது.

"தொடலீங்க, எடுத்துட்டனுங்க. ஆனா பாப்பா அழுவுறாளுங்க மேடம்!"

"அழட்டும். அழறான்னா மூச்சு இருக்குது. நசுக்காதுங்க, நான் சொல்றேன், நம்புங்க. அது நசுக்கற புடி இல்ல."

அதைச் சொல்லும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், அந்த 'அணை'யை எழுதியவள் நான். மற்ற வினைகளையெல்லாம் மளமளவென்று எழுதி முடித்தேன். இதற்குத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அணைத்த உடம்பு எதிர்த்துத் தள்ளினால் கை அங்கேயே நிற்கும். மூச்சு இழுத்து நெஞ்சு விரிந்தால் அந்த அளவுக்கு விலகும், மூச்சை விட்டால் கூடவே வரும். எந்தப் புரோகிராம் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு மேல் இறுக்காது. அந்த எல்லை காப்புக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாது.

எழுதினது நான்தான், சோதித்ததும் நான்தான், எல்லாம் சரி. ஆனாலும் அங்கே இருப்பது டம்ளர் இல்லையே.

"இப்ப நான் சொல்றபடி செய்யுங்க. ரெண்டு பேரும் பாப்பாவைச் சேத்துப் புடிச்சுட்டுப் பின்னால வாங்க. கையோடயே வரட்டும். சொவத்தை விட்டு நல்லாத் தள்ளி வாங்க."

காற்று, அழுகை, செருப்புச் சத்தம்.

"வந்துட்டமுங்க."

"கீழ உக்காருங்க. தரையில. பாப்பாவை மடியில வெச்சுக்கச் சொல்லுங்க."

"உக்காந்துட்டாருங்க."

"இப்ப மணிக்கட்டுல கதவைத் தட்டற மாதிரி ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க. புரோகிராம் செத்துப்போனாலும் அந்தத் தட்டு நேராக் காப்புக்குப் போகும்."

டொக், டொக் என்று போனிலேயே கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார், என்ன ஏதென்று ஒன்றும் தெரியாமலே.

"உட்டுருச்சுங்க!" அம்சவேணி ஓவென்று அழுதாள். "மெதுவா உட்டுருச்சுங்க மேடம்! எந்தங்கம், எஞ்சாமி... ஒரு கீறல்கூட இல்லீங்க!"

அடுப்பில் குழம்பு தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

டாக்டர் போனை வாங்கினார். "அம்மிணி..." என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

எனக்கு வந்தது. "கொழந்தையைச் சொவத்துமேல உக்காத்தி வெப்பாங்களா யாராச்சும்? உங்களையெல்லாம் யாருங்க டாக்டருக்குப் படிக்க வெச்சது? புதுக் கைன்னா அணைமேல போயித்தான் சோதிச்சுப் பாக்கணுமா? வீட்ல மெத்தை இல்லீங்களா?"

"வையுங்க அம்மிணி" என்றார் அழுதுகொண்டே. "நல்லா வையுங்க."

மறுநாள் காலையில் அவரே கோயம்புத்தூர் வந்துவிட்டார். கூட அம்சவேணியும் குழந்தையும். குழந்தை நேற்று நடந்த எதையும் சட்டை செய்யாமல் என் கீபோர்டை இழுத்துக்கொண்டிருந்தது. டென்சிங் கையைக் கழற்றச் சொல்லாமலே ஒரு கம்பியை மாட்டி, நேற்று உள்ளே என்ன நடந்தது என்று திரையில் ஓட்டினான்.

"மாடு சும்மா நிக்கும்லா எக்கா. பிள்ள துள்ளிருக்கு. அம்புட்டு சேதியும் ஒரே சமயத்துல வந்து எனக்க புரோகிராம் மூச்சு முட்டிப் போச்சு. அதான் விடுன்னு சொன்னதையும் கேக்கல. அப்படி முட்டுனா என்ன செய்யணும்னு நான் எழுதி வச்சிருந்தேன். அதயும் செஞ்சிருக்கு. இன்னா, கடைசியா காப்புகிட்ட 'அணை'ன்னு கேட்டிருக்கு. அங்கதான் உங்க காப்பு தப்பாப் பண்ணிட்டு."

"தப்பா? அணைன்னு கேட்டுது, அணைச்சுது. இதுல என்ன தப்பு?"

"நான் கட்டிப்பிடிக்கவா சொன்னேன்? அணைக்கச் சொன்னேன்!"

"அதைத்தானப்பா நானும் சொல்றேன்!"

"எக்கா, லைட்ட அணைக்க மாதிரி! முட்டிப் போச்சுன்னா கைய அணைச்சிரு, ஆஃப் பண்ணிருன்னு எழுதினேன்!"

நான் அவனையே பார்த்தேன். எங்கள் வீட்டில் விளக்கை யாரும் அணைக்க மாட்டார்கள். அந்தச் சொல்லையே சொல்லக் கூடாது, ஆகாது. விளக்கைக் குளிர வைப்போம். லைட்டையும் ஃபேனையும் நிறுத்துவோம். அதனால் கையை ஆஃப் செய்யும் சொல்லுக்குக் காப்பில் 'நிறுத்து' என்றுதான் பெயர் வைத்தேன். எனக்கு அணை என்றால் ஒரே அர்த்தம்தான். வேறு ஒன்று இருப்பது தெரியும், ஆனால் என் வாயில் அது வராது. பிறகு எங்கே என் கோடில் வரும்?

"உங்க வீட்ல அணைப்பீங்களா?" என்று கேட்டேன், முட்டாள்தனமாக.

"நாங்க அணைப்போம்லா எக்கா. எல்லா லைட்டயும் அணைப்போம். அதான ஸ்டிக்கர்லயும் எழுதி ஒட்டிருக்கேன்."

அம்சவேணி குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. டாக்டர் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அப்ப, தம்பி சொன்னதை உங்க கை சரியாப் புரிஞ்சிருந்தா..."

சரியாகப் புரிந்திருந்தால் கை அணைந்திருக்கும். தப்பாகப் புரிந்ததால் அணைத்தது.

டென்சிங்கின் முகம் வெளுத்துவிட்டது. திரையைப் பார்த்தபடியே நின்றான். டாக்டர் எழுந்து போய் வலது கையை அவன் தோளில் வைத்தார்.

"நடுங்கறீங்க தம்பி" என்றார். பிறகு ஆச்சரியத்தோடு என் பக்கம் திரும்பினார். "தெரியுதுங்க அம்மிணி. இவரு நடுங்கறது எனக்குத் தோள்ல தெரியுது."

டென்சிங் உடைந்து அழுதுவிட்டான். நானும்தான். இந்த முறை கோபம் வரவில்லை.

அப்புறம் உட்கார்ந்து வேலையைப் பார்த்தோம். புரோகிராம் மூச்சு முட்டாமல் இருக்க டென்சிங் அதைச் சரி செய்தான், அது சின்ன வேலை. பெரிய வேலை என்னுடையது. புரோகிராம் செத்துப்போனால் கை என்ன செய்ய வேண்டும்? இத்தனை நாளும் நாங்கள் யாருமே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. மிஷினில் கோளாறு என்றால் ஆஃப் செய் என்பது எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். கிரைண்டருக்கு அது சரி. கை என்பது எந்த நேரத்தில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கேட்கிற புரோகிராம் செத்துப்போனாலும், கேட்டதே தப்பு என்றாலும், காப்பு முதலில் பிடித்திருப்பதைக் காப்பாற்ற வேண்டும். கை கைவிடக் கூடாது. அவ்வளவுதான் விதி. நிறுத்துகிற வேலையைக் கை காலியாக இருக்கும்போது மட்டும் செய்யட்டும் என்று தனியே பிரித்து வைத்தேன்.

"எக்கா, செவப்புப் பட்டன்?" என்றான் டென்சிங்.

"அதுவும்தான். இனிமே அதை அமுக்குனா மின்சாரம் போகக்கூடாது. கையில இருக்கறதைப் பத்திரமாப் புடிச்சுட்டு, கைக்குச் சொந்தக்காரர் மணிக்கட்டுல தட்டற வரைக்கும் காத்திருக்கணும்."

சில வாரம் கழித்து டாக்டரின் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. சாய்வு நாற்காலியில் அவர், வலது கையில் குழந்தை, இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். எடுத்து அனுப்பியது அம்சவேணி. கீழே ஒரே வரி: "மூச்சு தெரியுதாமுங்க."

அதே நாளில்தான் பொருட்கிடங்கிலிருந்து ஒருவர் டென்சிங்கைத் தேடி வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் கட்டுக் கட்டாகப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டும் ஸ்டிக்கர். பட்டன் வேலையை மாற்றிவிட்டீர்களே, இதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சடிக்கலாமா, வாசகம் என்ன என்று கேட்டார்.

டென்சிங் என்னைப் பார்த்தான். நான் ஒரு ஸ்டிக்கரை எடுத்துப் படித்தேன்.

கோளாறு என்றால் அணைக்கவும்.

"ஒரு எழுத்தும் மாத்த வேண்டாங்க" என்றேன். "அப்பிடியே ஒட்டுங்க."